பழைய டிவி கேமுக்கு ஒரு சாட்சி: ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் அமைப்பது எப்படி

தொண்ணூறுகளில் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் டிவி கேம் இருந்தது ஒரே ஒரு வீட்டில். சனிக்கிழமை பின்னேரம் பத்துப் பொடியன்கள் அந்த டிவியைச் சுற்றி இருப்போம். ஜொய்ஸ்டிக் இரண்டு, முறை வைத்துத்தான் விளையாட்டு. "நேற்று இரவு கொன்ட்ராவை முடிச்சிட்டன்" என்று எவனாவது வந்து சொன்னால் முதல் கேள்வி, "ஆர் பார்த்தது?" பார்த்தவன் இல்லையென்றால் முடிக்கவில்லை. அவ்வளவுதான் சட்டம்.

முப்பது வருஷம் கழித்து அதே கேமைக் கணினியில் எமுலேட்டர் (பழைய கேம் இயந்திரம் போலவே நடிக்கும் மென்பொருள்) போட்டு முடித்தபோதும் பார்க்க ஆளில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, சாப்பிட வாங்கோ" என்றாள். அந்தச் சாட்சி வேலையைச் செய்யத்தான் ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் என்ற தளம் இருக்கிறது. பிளேஸ்டேஷனில் டிரோஃபி, எக்ஸ்பொக்ஸில் அச்சீவ்மென்ட் என்று இன்றைய கேம்களில் வருகிறதே, அதே மாதிரிச் சாதனைகளைப் பழைய கேம்களுக்கும் கொண்டுவந்த தளம் இது. 2012இல் தொடங்கியது. இலவசம். கேம் கம்பனிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு கேமுக்கும் சாதனைப் பட்டியல் எழுதுவது ஆர்வத்தில் வேலை செய்யும் ஆட்கள்.

நான் அமைத்தபோது எங்கெங்கே முட்டுப்பட்டேனோ அங்கெல்லாம் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மற்ற இடங்களில் ஓடிவிடலாம்.

இது எப்படிப் பார்க்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிப் பிரச்சினைக்கு நீங்களே காரணம் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நிண்டெண்டோவின் பழைய நெஸ் இயந்திரத்தில் வேலை செய்யும் நினைவகம் வெறும் 2 கிலோபைட். உங்களுக்கு எத்தனை உயிர் மிச்சம், எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள், கையில் என்ன ஆயுதம், எல்லாம் அதற்குள் ஒவ்வொரு மூலையில் ஒவ்வொரு எண்ணாக இருக்கும். எமுலேட்டர் அந்த நினைவகத்தை அப்படியே உருவாக்கி வைத்திருக்கிறது. பட்டியல் எழுதுபவர் எந்த மூலையில் எந்த எண் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, "கட்ட எண் 3இலிருந்து 4 ஆக வேண்டும், அதுவரை உயிர் எண் குறையக் கூடாது" என்பது போல ஒரு நிபந்தனை எழுதுவார். எமுலேட்டர் வினாடிக்கு 60 தடவை அந்த மூலைகளை எட்டிப் பார்க்கும். நிபந்தனை பொருந்திய நொடியில் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் படத்தோடு சாதனை விழும். தளத்தில் உங்கள் பெயரின் கீழ் பதிவாகும்.

ஆக, கேம் கோப்பு சரியானதாக இருந்தால்தான் மூலைகள் பொருந்தும். வேறு பதிப்பென்றால் உயிர் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறெதுவோ இருக்கும். இதற்குக் கீழே திரும்ப வருவோம்.

கணக்குத் திறப்பது

தளத்தில் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை அழுத்தி உறுதிப்படுத்துங்கள். வரவில்லையென்றால் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். வைக்கும் பெயரை ஊரே பார்க்கும், யோசித்து வையுங்கள். வேறெங்கும் பாவிக்காத கடவுச்சொல் போடுங்கள், ஏனென்றால் அதை எமுலேட்டருக்குள்ளும் தட்டப் போகிறீர்கள்.

ஒருவருக்கு ஒரு கணக்குத்தான், இது தளத்தின் விதி. வீட்டில் இரண்டு பிள்ளைகள் விளையாடினால் இருவருக்கும் தனித்தனியாகத் திறந்து கொடுங்கள். என் மருமகனும் அவன் தங்கையும் முதலில் ஒரே கணக்கில் விளையாடினார்கள். யார் முடித்தது என்று வந்த சண்டை என் அக்கா ரூட்டரைக் கழற்றும் வரை போனது.

ரெட்ரோஆர்ச்சும் கோரும்

இந்தச் சாதனைகளுக்கு ஆதரவு தரும் எமுலேட்டர்கள் பல உண்டு. புதிதாக வருபவருக்கு நான் ரெட்ரோஆர்ச்சைத்தான் சொல்வேன். மெனுவைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும், உண்மை. ஆனால் ஒருமுறை அமைத்துவிட்டால் நெஸ், கேம்போய், மெகா டிரைவ் எல்லாவற்றுக்கும் அதே அமைப்புப் போதும். கணினிக்கும் ஆண்ட்ராய்ட் ஃபோனுக்கும் அதன் அதிகாரபூர்வத் தளத்திலேயே தரவிறக்குங்கள். ஐஃபோன்காரர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து அப் ஸ்டோரிலேயே கிடைக்கிறது.

ரெட்ரோஆர்ச் தனியாக எதையும் ஓட்டாது. அது ஒரு கூடு. உள்ளே ஒவ்வொரு பழைய இயந்திரத்துக்கும் ஒரு 'கோர்' போட வேண்டும். முதன்மை மெனுவில் 'லோட் கோர்' என்பதற்குள் 'டவுன்லோட் எ கோர்' இருக்கும். நெஸ்ஸுக்கு மெசென், சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஸ்னெஸ்9எக்ஸ், மெகா டிரைவுக்கு ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், கேம்போய்க்கு காம்பாட்டே, கேம்போய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ என்று எடுத்தால் பிழைக்காது. எல்லாக் கோரும் சாதனையை ஆதரிக்காது; கண்ணில் பட்டதை எல்லாம் இறக்காதீர்கள். கடைகளில் காசு போட்டு விளையாடிய ஆர்கேட் கேம்கள் என்றால் ஃபைனல்பேர்ன் நியோ மட்டும்தான், மற்றதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேம் கோப்பு எங்கே எடுப்பது என்று கேட்காதீர்கள், நான் சொல்லப் போவதில்லை, தளமும் சொல்லாது. அங்கே அதற்கு இணைப்புக் கொடுப்பதே தடை. சொந்த சிடி இருந்தால் கணினியின் டிவிடி டிரைவில் போட்டுப் பிரதி எடுக்கலாம். கார்ட்ரிட்ஜ் என்றால் யூஎஸ்பியில் சொருகும் வாசிப்பான் கருவிகள் விற்கிறார்கள். அந்தக் காலத்தில் காலி வீதி நெடுகப் போய் வாங்கிச் சேர்த்த டிஸ்க்குகளில் ஒரிஜினல் எத்தனை என்று விரல் விட்டு எண்ணினால், எனக்கு விரல் மிஞ்சும். அது வேறு கதை. இன்றைக்கும் பழைய இயந்திரங்களுக்குப் புதிதாக கேம் எழுதி இலவசமாகத் தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட சிலவற்றுக்கும் தளத்தில் சாதனைப் பட்டியல் உண்டு. பழகிப் பார்க்க அது போதும்.

உள்ளே நுழைவது

செட்டிங்ஸில் 'அச்சீவ்மென்ட்ஸ்' பகுதிக்குப் போய் முதல் சுவிட்சை ஒன் செய்யுங்கள். உடனே கீழே பெயர், கடவுச்சொல் கேட்கும் இடங்கள் விரியும். தட்டுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து கவனம். ஃபோன் விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கிவிடும், வார்த்தைக்குப் பின்னால் ஓசைப்படாமல் ஒரு இடைவெளியும் போட்டுவிடும். கடவுச்சொல் பிழை என்று வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

இதற்குப் பிறகுதான் பலரும் குழம்புகிறார்கள். போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து மருமகன் இரவு பத்தரைக்கு எடுத்தான்.

"மாமா, பாஸ்வேர்ட் எல்லாம் சரியாத்தான் குடுத்திருக்கிறன். ஒண்டும் வருதில்லை. லொகின் பட்டனையும் காணேல்லை."

"கேமைத் திறந்தனியா?"

"இல்லை. முதல்ல லொகின் பண்ணத்தானே வேணும்?"

"இல்லையடா. கேமைத் திற."

லொகின் என்று தனியாக ஒரு பொத்தான் ரெட்ரோஆர்ச்சில் கிடையாது. கேமைத் திறக்கும்போதுதான் அது தளத்தோடு பேசும். திறந்ததும் திரையில் உங்கள் பெயரோடு ஒரு வரி, இந்த கேமில் இத்தனை சாதனைகளில் நீங்கள் எடுத்தது இத்தனை என்று இன்னொரு வரி, இரண்டும் வந்து மறைந்தால் வேலை முடிந்தது. அவனுக்கு வந்தது. தொலைபேசியை வைக்கவும் மறந்து விளையாடத் தொடங்கிவிட்டான், நான்தான் வைத்தேன்.

ஒரு எச்சரிக்கை. ஃபோனில் அமைப்பை எல்லாம் மாற்றிவிட்டு, மற்ற செயலிகளைத் தள்ளிவிடுவது போல ரெட்ரோஆர்ச்சையும் விரலால் தள்ளி மூடாதீர்கள். மாற்றிய அமைப்புகளை அது எழுதி வைப்பது ஒழுங்காக வெளியேறும்போதுதான். மெனுவிலேயே 'குவிட்' இருக்கிறது, முதல் நாள் அதைப் பாவியுங்கள். இல்லையென்றால் மறுநாள் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

கேமை அடையாளம் தெரியவில்லை என்றால்

உள்ளே போய்விட்டீர்கள், கேமும் ஓடுகிறது, ஆனால் சாதனை இல்லை. கேமை அடையாளம் காண முடியவில்லை என்று ஒரு வரி மட்டும் வருகிறது. புதியவர்கள் அதிகம் கைவிட்டுப் போகும் இடம் இதுதான்.

தளம் உங்கள் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. எம்டி5 என்ற கணக்குமுறை கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் மென்று 32 எழுத்து நீளமான ஒரு சரமாகத் துப்பும். அதுதான் அந்த கேமின் அடையாள அட்டை இலக்கம். நீங்கள் கோப்புக்கு மாரியோ என்று பெயர் வைத்தாலும் மாரியம்மன் என்று வைத்தாலும் இலக்கம் மாறாது. ஆனால் உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் முழு இலக்கமும் வேறாகிவிடும்.

நம் ஊர்க்காரருக்கு இதில் ஒரு தனித் துன்பம் இருக்கிறது. சின்ன வயதில் நாங்கள் விளையாடியது '99999 இன் 1' என்று மேலே எழுதிய மஞ்சள் கார்ட்ரிட்ஜில். அவற்றில் இருந்த கேம்கள் பல வெட்டி ஒட்டியவை. என் நினைவிலிருக்கும் கொன்ட்ராவில் தொடங்கும்போதே எத்தனை உயிர், என்ன துப்பாக்கி என்று தெரிவு செய்யலாம். 1988இல் அமெரிக்காவில் வெளிவந்த அசல் கேமில் அந்தத் தெரிவே கிடையாது. மூன்று உயிர், அல்லது அந்தப் பிரபலமான இரகசியக் குறியீட்டை அழுத்தினால் முப்பது. முதன்முறை அசலை விளையாடியபோது முதல் கட்டத்தைத் தாண்டவே எனக்கு ஒரு கிழமை போனது. அந்த வெட்டி ஒட்டிய கோப்பை நீங்கள் எங்கிருந்தாவது பிடித்துப் போட்டால் தளம் முகம் திருப்பிக்கொள்ளும்.

சரி, என்ன செய்வது? தளத்தில் அந்த கேமின் பக்கத்துக்குப் போங்கள். ஏற்றுக்கொள்ளும் கேம் கோப்புகளின் பட்டியல் ஒன்று அங்கே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் இலக்கத்தோடு. உங்களிடம் இருப்பது எந்த நாட்டுப் பதிப்பு, எத்தனையாவது திருத்தம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான பட்டியல்கள் அமெரிக்கப் பதிப்பை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கும். ஐரோப்பியப் பதிப்பு வினாடிக்கு 50 சட்டகம் ஓடும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கு மாற்றப்பட்டது, ஆகையால் பல கேம்களில் அது பட்டியலிலேயே இருக்காது. சில ஆட்கள் மொழிபெயர்ப்பு, நிறமாற்றம் என்று ஒட்டுப்போட்ட கோப்புகளை வைத்திருப்பார்கள், அவையும் தனியாக ஏற்கப்பட்டிருந்தால் மட்டுமே ஓடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, நான் இரண்டு நாள் மண்டையை உடைத்த இடம். ஆர்கேட் கேம்களுக்கு மட்டும் தளம் கோப்பின் பெயரைத்தான் பார்க்கிறது. மற்றதில் பெயர் மாறினால் பரவாயில்லை என்று படித்துவிட்டு, ஆர்கேட் ஸிப் கோப்புகளுக்கு எல்லாம் அழகாக முழுப் பெயர் வைத்தேன். ஒன்றும் ஓடவில்லை. அந்தச் சுருக்கமான, விளங்காத பெயர்கள் அப்படியே இருக்கட்டும்.

பிளேஸ்டேஷன் போன்ற டிஸ்க் கேம்களில் இன்னொரு சின்ன விஷயம். பின் (.bin), கியூ (.cue) என்று இரண்டு கோப்பு இருந்தால் திறக்க வேண்டியது கியூவை. பெரியதாக இருக்கிறதே என்று பின்னைத் திறக்காதீர்கள். இடம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டையும் சிஎச்டி என்ற ஒரே கோப்பாகச் சுருக்கலாம், சாதனைக்கு அது தடையில்லை.

ஹார்ட்கோரா, சொஃப்ட்கோரா

அச்சீவ்மென்ட்ஸ் பகுதியில் 'ஹார்ட்கோர் மோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது ஒன்னில் இருந்தால் எமுலேட்டரின் கள்ள வசதிகள் எல்லாம் பூட்டப்படும். நினைத்த இடத்தில் நிறுத்தி வைத்து அங்கிருந்தே தொடரும் சேவ் ஸ்டேட்டை ஏற்ற முடியாது. பின்னோக்கிச் சுற்றும் ரீவைண்ட் இல்லை, மெதுவாக ஓட்ட முடியாது, சீட் கோட் இல்லை. வேகமாக ஓட்டலாம், அதற்குத் தடையில்லை. கேமுக்குள்ளேயே இருக்கும் சேவ் வழக்கம் போல வேலை செய்யும்.

ஒஃப் செய்தால் எல்லா வசதியும் இருக்கும், சாதனையும் விழும், ஆனால் சொஃப்ட்கோர் என்று தனிக் கணக்கில். புள்ளிகளும் தனி. ஒரு கேமின் எல்லாச் சாதனையையும் ஹார்ட்கோரில் எடுத்தால் 'மாஸ்டர்ட்', சொஃப்ட்கோரில் எடுத்தால் 'கம்ப்ளீட்டட்'. 2023இலிருந்து கேமை முடித்தாலே 'பீட்டன்' என்று ஒரு விருதும் தருகிறார்கள். அதற்கு எல்லாச் சாதனையும் வேண்டாம், கதையை முன்னே கொண்டுபோகும் சாதனைகளும் முடிவுச் சாதனையும் போதும். வேலைக்குப் போய் வந்து இரவில் ஒரு மணித்தியாலம் விளையாடும் என்னைப் போன்றவர்களுக்கு உண்மையில் பொருத்தமானது இந்த விருதுதான்.

எதைத் தெரிவது? நான் முதல் நாளிலிருந்தே ஹார்ட்கோர் என்பேன். ஒழுங்கையில் யாருக்கும் ரீவைண்ட் இருக்கவில்லை. அதோடு, சொஃப்ட்கோரில் எடுத்ததைப் பின்னால் ஹார்ட்கோராக மாற்ற வழியில்லை, திரும்ப விளையாடித்தான் எடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மனம் மாறி முதலிலிருந்து தொடங்குவது அலுப்பு. மற்றபடி, கதையை மட்டும் பார்க்க விரும்புபவர், கை நோவு உள்ளவர், சின்னப் பிள்ளையை மடியில் வைத்து விளையாடுபவர் சொஃப்ட்கோரில் விளையாடுவதில் ஒரு வெட்கமும் இல்லை.

நடுவில் ஹார்ட்கோரை ஒஃப் செய்துவிட்டுத் திரும்ப ஒன் செய்தால் கேம் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே கை தவறி அந்தச் சுவிட்சைத் தொடாதீர்கள். சில கோர்களில் நீங்கள் மாற்றியிருக்கும் ஒரு அமைப்பு அனுமதிக்கப்படாதது என்றால் ஹார்ட்கோர் இடைநிறுத்தப்பட்டது என்று திரையில் வரி வரும். அதைக் கவனிக்காமல் இரண்டு மணி நேரம் விளையாடியவர்களை எனக்குத் தெரியும்.

கரண்ட் கட்டும் சேவும்

இதை எல்லா வழிகாட்டிகளும் ஒரே வரியில் கடந்து போகும். இலங்கையில் இருப்பவர் கடந்து போக முடியாது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. சூப்பர் நிண்டெண்டோவின் ஸெல்டா கேம், 'எ லிங்க் டு த பாஸ்ட்' விளையாடிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தது, மூன்று பதக்கங்களும் எடுத்து, காட்டுக்குள் போய் மாஸ்டர் வாளையும் உருவியாகிவிட்டது. நடுவில் கேமுக்குள்ளேயே பல தடவை சேவ் செய்திருந்தேன். பதினொன்றரை போலப் பட்டென்று திரை இருண்டது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, நாடு முழுவதும். உபமின்நிலையம் ஒன்றில் குரங்கு புகுந்துவிட்டது என்று பிறகு மின்சக்தி அமைச்சர் விளக்கம் சொன்னார்.

மின்சாரம் வந்ததும் கேமைத் திறந்தேன். காலை ஏழு மணிக்கு இருந்த இடம். தளத்தைப் பார்த்தால் வாள் எடுத்த சாதனை அங்கே நேரத்தோடு பத்திரமாக இருக்கிறது. சாட்சி இருக்கிறது, வாளைக் காணோம்.

காரணம் இது. நீங்கள் கேமுக்குள் சேவ் செய்யும்போது அது கார்ட்ரிட்ஜின் பற்றரி நினைவகத்தில் எழுதப்படுகிறது. எமுலேட்டரில் அந்த நினைவகம் கணினியின் ரேமுக்குள் இருக்கும் ஒரு பிரதிதான். கேமை ஒழுங்காக மூடும்போதுதான் ரெட்ரோஆர்ச் அதை டிஸ்க்கில் கோப்பாக எழுதும். அதற்கு முன்பே மின்சாரம் போனால், ஃபோனில் செயலி திடீரென்று மூடப்பட்டால், போனது போனதுதான். அசல் கார்ட்ரிட்ஜில் இப்படி நடந்திருக்காது என்பதுதான் எரிச்சல்.

மருந்து ஒரு நிமிட வேலை. செட்டிங்ஸில் 'சேவிங்' பகுதிக்குள் 'சேவ்ரேம் ஓட்டோசேவ் இன்டர்வல்' என்று ஒன்று இருக்கும். அது ஒஃப்பில் இருந்தால் 10 வினாடி என்று வையுங்கள். இனிப் பத்து வினாடிக்கு ஒருமுறை அது டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும். சொஃப்ட்கோரில் சேவ் ஸ்டேட் என்ற இரண்டாவது கயிறு இருக்கிறது. ஹார்ட்கோரில் அந்தக் கயிறு இல்லை, இது ஒன்றுதான். கேமைத் திறப்பதற்கு முன்பே இதை வைத்துவிடுங்கள்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ், கொன்ட்ரா மாதிரி உள்ளே சேவே இல்லாத கேம்களுக்கு இது உதவாது. அவற்றை மழை இருட்டிக்கொண்டு வரும் பின்னேரத்தில் தொடங்காமல் இருப்பதுதான் வழி.

மடிக்கணினியில் விளையாடுபவருக்கு வேறு விதமான சிக்கல். கரண்ட் போனால் கணினி ஓடும், ரூட்டர் நின்றுவிடும். பயப்பட வேண்டாம். தொடங்கும்போது இணையம் கட்டாயம் வேண்டும், ஆனால் நடுவில் அறுந்தால் எடுத்த சாதனைகளை ரெட்ரோஆர்ச் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். இணைப்புத் திரும்பி வரும் வரை அதை மூடக் கூடாது, அதுதான் முக்கியம். மூடினால் கையில் இருந்தது கொட்டிவிடும். 2022 மின்வெட்டுக் காலத்தில் ரூட்டருக்கென்று வாங்கிய மினி யூபிஎஸ் அலுமாரிக்குள் தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். ஃபோன் ஹொட்ஸ்பொட்டும் போதும். போய் வருவது சின்னச் சின்னச் செய்தியும் படமும்தான், டேட்டா பக்கேஜை இது தின்னாது.

வேறு எமுலேட்டர்கள்

எல்லாவற்றுக்கும் ரெட்ரோஆர்ச் தேவையில்லை. பிளேஸ்டேஷன் 1க்கு டக்ஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2க்கு பிசிஎஸ்எக்ஸ்2 இரண்டிலும் செட்டிங்ஸுக்குள் அச்சீவ்மென்ட்ஸ் பகுதி இருக்கிறது, அங்கே லொகின் பொத்தானும் உண்டு. பிஎஸ்பி எமுலேட்டரான பிபிஎஸ்எஸ்பிபியில் 2023இல் வந்த 1.16 பதிப்பிலிருந்து இருக்கிறது. கணக்கு ஒன்றுதான், எதில் விளையாடினாலும் ஒரே இடத்தில் சேரும். ஒன்லைனில் வரவழைக்கும் சீனத்துக் கையடக்க கேம் கருவிகளிலும் வைஃபை இருந்தால் இதே அமைப்பு வேலை செய்யும், உள்ளே ஓடுவது பெரும்பாலும் ரெட்ரோஆர்ச்சேதான்.

முதல் கேம்

எல்லாம் தயார். இப்போது ஆசைப்பட்டுப் பெரிய கேமில் கை வைக்காதீர்கள். நாற்பது மணி நேரக் கேமைத் தொடங்கி, பாதியில் விட்டு, தளத்தையே மறந்தவர்கள் நிறையப் பேர். என் சிபாரிசு கேம்போயின் 'கிர்பிஸ் டிரீம் லேண்ட்'. 1992இல் வந்தது, ஐந்தே கட்டம், பிள்ளைகளும் முடிக்கலாம், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். சேவ் இல்லை, தேவையுமில்லை.

தொடங்குவதற்கு முன் தளத்தில் அந்த கேமின் பட்டியலை ஒருமுறை வாசியுங்கள். ஒவ்வொரு சாதனைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கும், புள்ளியும் இருக்கும். பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அதை எடுத்தவர்கள் குறையக் குறைய அந்த எண் ஏறும், எது உண்மையில் கடினம் என்று அதைப் பார்த்தே தெரிந்துவிடும். தவறவிட்டால் திரும்பிப் போய் எடுக்க முடியாதவற்றுக்கு ஒரு குறி போட்டிருப்பார்கள். நீண்ட கேம்களில் அந்தக் குறி உள்ளவற்றை மட்டுமாவது ஒரு தாளில் எழுதி வையுங்கள். கதையின் ரகசியம் தெரிந்துவிடும் என்று பயந்தால் அதை மட்டும் பாருங்கள், மற்றதை விடுங்கள். நான் முதல் தடவை எதையும் பார்க்காமல் விளையாடி முடிப்பேன், அப்புறம்தான் பட்டியல்.

விளையாடும்போது பட்டியல் வேண்டுமென்றால் கணினியில் எஃப்1 அழுத்துங்கள், மெனு வரும், 'அச்சீவ்மென்ட்ஸ்' உள்ளே எடுத்தது, எடுக்காதது எல்லாம் இருக்கும். சாதனை விழும் நொடியில் தானாகப் படம் பிடிக்கும் வசதியும் செட்டிங்ஸின் அச்சீவ்மென்ட்ஸ் பகுதிக்குள் இருக்கிறது, ஒன் செய்துவிடுங்கள்.

மருமகன் கிர்பியை முடித்த அன்று எனக்கு அப்படி ஒரு படம் அனுப்பினான். கீழே ஒரு வரி: "மாமா, பார்த்தீங்களா?" பார்த்தேன் என்று எழுதினேன். அவனுடைய தங்கை அதே கேமை அவனுக்கு இரண்டு நாள் முன்பே முடித்திருந்ததையும் தளத்தில் பார்த்துவிட்டேன், அதை எழுதவில்லை.